கெபி விளக்கும் பங்குனி ஆமையும்



கடலைப் பார்த்து நிற்கும் நம் மாதா கெபியின் பெரிய விளக்கை, இந்தப் பருவம் முடியும்வரை இரவு ஒன்பது மணிக்கு மேல் அணைத்துவிடும்படி கோயில் பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். காரணத்தை ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் அறிவிப்பில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அது போதுமென்று எண்ணியது என் பிழை. இதுவரை ஐந்து கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றில் கையொப்பமில்லை. கையொப்பமில்லாத கடிதத்துக்குப் பதில் சொல்வது என் வழக்கமன்று. ஆயினும் ஐந்திலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது, அது கேட்கத் தகுந்த கேள்வியாகவும் இருக்கிறது: ஒரு ஆமைக்காக மாதாவின் விளக்கை அணைப்பதா?

கடிதங்கள் ஒருபுறமிருக்க, போன ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோயில் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். வெள்ளி, சனி இரவுகளில் கடற்கரையில் ஆமை முட்டை தேடப் போகிறவர்களோடு அவனும் போகிறான். "சாமி, விடிய விடிய மணல்ல நடந்துட்டு வந்து பகல் முழுக்கத் தூங்குறான். தங்கச்சிக்கு டியூஷன் காசு கட்ட வழியில்ல. ஆமையைக் காப்பாத்தினாப் புண்ணியம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே?" என்றார். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லக்கூடியவன்தான்.

பக்கத்தில் திண்ணையில் அமர்ந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஆமைக்குக் காவலிருக்காங்க. சரி. எங்களுக்கு யாரு சாமி காவலிருக்கா?" என்றார்.

அந்த இடத்தில் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். சொன்ன பதில் எனக்கே திருப்தியாயில்லை. ஆகவேதான் இந்த வாரம் பத்திரிகையில் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தப் பிள்ளைகள் செய்கிற வேலை இன்னதென்று தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் பற்றி நியாயம் பேசுவது சுலபம், பயன்தான் இராது.

நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. பெயரே அதன் பருவத்தைச் சொல்கிறது. தை மாதம் வரத் தொடங்கி, பங்குனியைத் தாண்டியும் சில வரும். தாய் ஆமை இரவில் கரையேறி, பின் துடுப்புக் கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம்போல் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலோ குறையவோ இட்டு, மணலை மூடி, தன் உடம்பால் தட்டித் தட்டிக் கெட்டியாக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அது குஞ்சுகளைப் பார்ப்பதே இல்லை. மணலின் சூட்டிலேயே நாற்பத்தைந்து நாள் அல்லது அதற்குச் சற்று மேலாக முட்டைகள் பக்குவமடைகின்றன. மணல் அதிகம் சுட்டால் பெண் குஞ்சுகள், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் என்பது ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. பூமி சூடேறுவது ஒரு பிராணியின் ஆண், பெண் கணக்கையே மாற்றிவிடக்கூடும்.

குஞ்சு வெளிவருவது பெரும்பாலும் இரவில்தான். எந்தத் திசையில் வெளிச்சம் அதிகமோ அத்திசையில் அது ஓடும். விளக்கென்பதே இல்லாத காலத்தில் இரவின் வெளிச்சமான திசை கடல்தான், ஏனெனில் நீர் வானத்தின் ஒளியைத் திருப்பித் தரும். இன்று நம் கரையில் வெளிச்சமான திசை சாலை, உணவுக்கடை, மாடிவீடு, நம் கெபி. குஞ்சு தப்பான பக்கம் ஓடுகிறது. நாயும் காகமும் மோட்டார் வண்டியும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன.

ஆகவே சென்னையில் சிலர் இரவில் நடக்கத் தொடங்கினார்கள். 1973-74ஆம் ஆண்டுகளில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் இதைத் துவக்கினார்கள். பின்னர் ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் சில ஆண்டுகள் நடத்தின. அது நின்றுபோகும் நிலையில், 1988ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை உண்டாக்கினார்கள். அன்று முதல் இன்றுவரை பருவந்தோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் தொண்டர்கள் நடந்து வருகிறார்கள். பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகிற நம்மவர் பலர், மாலையில் அங்கே மணலில் குஞ்சுகளை விடுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஆமை இந்தியச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பிராணியாகையால், வனத்துறையின் அனுமதியோடுதான் இந்த வேலை நடக்கிறது. நீங்களாக முட்டையைத் தோண்டப் போய்விடாதீர்கள்.

நானும் ஒரு இரவு அந்தப் பையனோடு போனேன். பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. (பிரசங்கியாருக்கு அதுவே ஒரு தபசு.) மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பையும் அறுந்த வலையும் செருப்பும்தான். பிறகு ஓரிடத்தில் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கினதுபோல் மணலில் தடம். ஆமை வந்து போய்விட்டிருந்தது. பிள்ளைகள் ஒரு மெல்லிய கம்பியால் மணலை இங்குமங்கும் மெதுவாகக் குத்திப் பார்த்தார்கள். இளகின இடத்தில் கையால் தோண்டினார்கள். பிங்-பாங் பந்துபோல் வெள்ளை முட்டைகள். ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துப் பையில் வைத்து, குழியின் ஆழத்தைக் கையாலேயே அளந்துகொண்டு, வேலியிட்ட காப்பிடத்தில் அதே ஆழத்துக்குக் குழிபறித்துப் புதைத்தார்கள். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துத் தேதியையும் எண்ணிக்கையையும் எழுதினார்கள். முடியும்போது விடிவெள்ளி எழுந்திருந்தது. அன்றைய ஆறு மணிப் பூசையில் நான் வாசகத்தில் இரண்டிடம் தடுமாறியதைக் கவனித்தவர்கள் இப்போது காரணம் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

அவ்வளவுதான் வேலை. இதில் வீரமில்லை. கால் வலியும் தூக்கக் கேடும் இருக்கின்றன.

இனி கேள்விக்கு வருவோம். கெபி விளக்குக் கடிதங்களும் அந்தத் தாயின் கேள்வியும் மேலோட்டமாய் ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் ஒன்றல்ல. கடிதம் எழுதினவர்களுக்கு ஒரு மதிப்புக்குரிய பொருள் சற்றே குறைகிறது. அந்தத் தாய்க்கு வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு குறைகிறது. தாயின் கேள்வியே கனமானது, ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"ஏழைகள் இருக்கும்போது பிராணிகளுக்கு ஏன்?" என்று யாராவது கேட்டால், குருமார்களாகிய நாங்கள் கைவசம் வைத்திருக்கிற ஒரு பதில் உண்டு. பெத்தானியாவில் விலையுயர்ந்த பரிமளத் தைலம் ஆண்டவருடைய பாதங்களில் ஊற்றப்பட்டபோது, இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சொன்னவன் யூதாஸ். ஏழைகள்மேல் அவனுக்கிருந்த அக்கறை எவ்வளவென்று சுவிசேஷகரே சொல்லிவிடுகிறார். நடப்பு உலகிலும் அப்படித்தான். ஆமைக்குச் செய்யாதே, ஏழைக்குச் செய் என்று சொல்கிறவர்களில் பலர் இரண்டும் செய்வதில்லை.

அன்று கோயில் வாசலில் இந்தப் பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வேளையாக அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏழைகளைச் சாக்காகக் காட்டிப் பேசுகிறவரல்லர். அவரே ஏழை. அவரை யூதாசின் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அது அநியாயம் மட்டுமல்ல, குருவானவருக்குத் தகாத செயலாகவும் இருந்திருக்கும். வாதத்தில் வெல்லும் பதில், கேட்டவருக்குரிய பதிலாக இருக்க வேண்டுமென்பதில்லை.

அவருக்குரிய பதிலை எங்கே தேடுவது? 1992ல் வெளியான நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைக் குறித்து இரண்டு காரியம் பேசுகிறது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிராணிகளை வீணாக வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. அடுத்தாற்போல், மனிதரின் துன்பத்தைத் துடைக்க முந்திச் செல்ல வேண்டிய பணத்தைப் பிராணிகளுக்குச் செலவழிப்பதும் தகாது என்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு கட்சியும், இரண்டாவதை மட்டும் மறுகட்சியும் எடுத்துக்கொண்டு சண்டையிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அன்புக்கும் ஒரு வரிசை உண்டென்று கற்பித்தார். எல்லாரையும் நேசிக்க வேண்டும், ஆனால் எல்லாருக்கும் ஒரே கடன் அல்ல. வீட்டாருக்குள்ள கடன் முந்தியது. ஆகவே, அந்தப் பையன் சனிக்கிழமை உழைத்தால் தங்கையின் படிப்புக்குப் பணம் வரும், வேறு வழியில்லை என்றால், அவன் சனிக்கிழமை உழைக்க வேண்டும். ஆமை பொறுத்துக்கொள்ளட்டும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் சொன்ன விடை என்னைச் சிந்திக்கச் செய்தது: "ஃபாதர், நான் போகலேன்னா வேற ஆள் போவாங்க. லிஸ்ட்ல நாற்பது பேர் இருக்கோம்."

ஒரு காரியத்தை ஊரார் சேர்ந்து செய்வதில் நான் அதுவரை கவனிக்காத ஒரு நன்மை இது. தனியொருவன் தலையில் விழுகிற தருமம் கொடுங்கோலாகிவிடும். அவன் வீட்டைக் கெடுக்கும், அல்லது அவனைப் பெருமைக்காரனாக்கும். பலர் பகிர்ந்துகொண்டால், நோயாளி வீட்டுக்காரன் இன்று நிற்கலாம், பரீட்சைக்காரன் அடுத்த வாரம் நிற்கலாம், நடை நிற்காது. வீட்டுக் கடனும் ஊர்க் கடனும் மோதிக்கொள்வது பெரும்பாலும் ஊர்க் கடனைச் சுமக்க ஆள் குறைவாயிருப்பதால்தான். அந்தப் பையன் இப்போது மாதம் இரண்டு இரவு போகிறான், மற்றச் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறான். தாய் முழுச் சம்மதம் சொல்லவில்லை. சண்டை ஓய்ந்திருக்கிறது.

இனி பெரியவரின் கேள்வி. இதுதான் எனக்கு இரண்டு இரவு தூக்கம் கெடுத்தது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரமெங்கும் செத்த ஆமைகள் ஒதுங்கினதை நீங்கள் கண்டீர்கள். ஆயிரத்துக்கு மேல் என்று செய்தி. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நம் கெபிக்கெதிரே மட்டும் ஒரு காலையில் நான்கு கிடந்தன. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நம்மைப்போல் காற்றைத்தான் சுவாசிக்கிறது. விசைப்படகின் இழுவை வலைக்குள் அகப்பட்டால், வலை இரண்டு மூன்று மணி நேரம் அடியில் இழுபடும்போது மேலே வந்து மூச்சுவிட வழியின்றி மூழ்கிச் சாகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைகிறதென்று அறிந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் ஒரு பெரிய ஆமைக்கு ஈடு செய்ய ஆயிரம் குஞ்சுகள், அதாவது பத்துக் கூடுகள் வேண்டும். ஆயிரம் பெரிய ஆமைகளுக்குப் பதினாயிரம் கூடுகள். துல்லியமான கணக்கல்ல, ஆனால் திசையைக் காட்டும். பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் கால் தேய நடந்து சேர்ப்பதைச் சில நாட்களில் வலைகள் அழித்துவிடக்கூடும். கரையில் காவலிருந்தால் மட்டும் போதாதென்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அப்படியானால் படகுக்காரர் கொலைபாதகர்களா? செய்தித்தாளில் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். குருமடத்தில் நாங்கள் படித்த ஒரு பாடம் இங்கே உதவும். தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுகிறவன் கையால் எதிரி மாண்டால் அவன் கொலைஞனா என்று அர்ச். தோமாஸ் கேட்டார். ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நாடியது, மற்றது நாடாமல் வந்தது. செயல் தன்னளவில் குற்றமற்றதாயிருந்து, தீமையை ஒருவன் விரும்பாமல், அந்தத் தீமையின் வழியாகவே நன்மையைப் பெறாமல், தகுந்த காரணமும் இருந்தால், நாடாமல் வந்ததற்கு அவனைப் பாவி என்று சொல்லலாகாது. பிற்கால ஆசிரியர்கள் இதை இரட்டை விளைவுக் கொள்கை என்று வகுத்தார்கள்.

இதை இறால் பிடிக்கிறவனுக்குப் பொருத்திப் பாருங்கள். இறால் பிடிப்பது குற்றமல்ல. ஆமை சாக வேண்டுமென்று அவன் விரும்பவில்லை. அது அவனுக்கு நட்டமே, வலை கனக்கிறது, கிழிகிறது. கடற்கரை மக்கள் பலர் ஆமையைச் சாமியாகவே மதிக்கிறார்கள். ஆமை செத்ததனால் இறால் கிடைப்பதுமில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பது போதிய காரணமே. ஆக அவன் விடுதலை என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடலாமா?

முடியாது. "தகுந்த காரணம்" என்ற சொல்லுக்குள், வேறு வழி இல்லை என்பதும் அடங்கியிருக்கிறது. இழுவை வலையின் கழுத்தில் கம்பிச் சட்டமொன்றைப் பொருத்தினால், இறால் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலுள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ப ஒன்றைச் செய்தே கொடுத்திருக்கிறது. அந்த வழி இருக்கிறதென்று தெரிந்த நாள் முதல், ஆமையின் சாவு "நேர்ந்தது" அல்ல, "நேரவிட்டது" ஆகிறது. விரும்பாத தீமைக்கும், தடுக்கக்கூடியதாயிருந்தால், நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். இது படகுக்காரருக்கு மட்டும் உரியதல்ல. வேகமாய் ஓட்டுகிற பஸ்காரரும், கலப்படமறியாமல் விற்றேன் என்கிற கடைக்காரரும், ஏன், விளக்கை எரியவிட்ட பங்குக் குருவும் இதே தராசில்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது காரியம் இன்னும் கூர்மையானது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், இழுவை வலை போடக்கூடாதென்பது தமிழ்நாட்டின் விதி. பருவத்தில் ஆமைகள் கூடுகிற இடமும் பெரும்பாலும் அந்தக் கரையோர நீர்தான். ஆனால் இந்த எல்லையை வகுக்கக் காரணம் ஆமை அல்ல! 1950களில் நார்வே நாட்டு உதவித் திட்டத்தோடு இயந்திரப் படகும் இழுவை வலையும் நம் நாட்டில் பரவின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. 1970களின் கடைசியில், கட்டுமரக்காரர்களுடைய நீரில் விசைப்படகுகள் நுழைந்து அவர்கள் வலைகளை அறுத்தெறிந்ததால் கடலிலும் கரையிலும் மோதல்கள் எழுந்தன. அவற்றின் பிறகு வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். ஏழைக் கட்டுமரக்காரனுக்கென்று போட்ட வேலி அது.

"எங்களுக்கு யாரு காவலிருக்கா?" என்ற பெரியவரே! உமக்கென்று போட்ட வேலிக்குள்ளேதான் அந்த ஆமையும் இருக்கிறது. வேலியை உடைத்து வந்த வலைதான் உம்முடைய மீனையும் வாரிக்கொண்டு போகிறது, ஆமையையும் மூழ்கடிக்கிறது. செத்த ஆமை கரையில் ஒதுங்கும்போது, உம் வீட்டில் திருடு போயிற்று என்று சொல்லுகிற சாட்சி அது. ஆமைக்கு இரங்குகிறவர்களும் உம்மைப்போன்றவர்களும் எதிரெதிர்க் கட்சி என்று நம்மை எண்ணப் பழக்கிவிட்டார்கள். இந்தக் கரையைப் பொறுத்தமட்டில் அது உண்மையல்ல.

இதை நான் நேரில் சொன்னபோது பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. "சரி சாமி. லாஞ்சிலே கூலிக்குப் போறவனும் நம்ம பங்குப் புள்ளைதான். படகுக்காரன் போகச் சொன்ன இடத்துக்கு அவன் போவணும். கம்பிச் சட்டம் போட்டா எறாலும் கொஞ்சம் தப்பிப் போவுது, கூலிப் பங்கு குறையுது. அந்தக் குறை யாரு தலையிலே?" என்றார்.

இங்கே நியாயம் வழி தேட வேண்டியிருக்கிறது. 1989ல் அமெரிக்கா, ஆமை தப்பும் சட்டமில்லாத வலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று சட்டம் செய்தது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998ல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரியானதே, ஆனால் அதை நாட்டுக்கு நாடு வேறுபாடு காட்டி நடத்திய முறை நியாயமற்றது என்றது. சர்வதேச வழக்கறிஞர்கள் சொன்னாலும் இது நம் ஞானோபதேசப் பாடம்தான்: நல்ல காரியத்தின் செலவை பலவீனன் தலையில் கட்டுகிறவன் நல்லது செய்தவனாகிவிடமாட்டான். சட்டத்தைப் பொருத்தும் செலவும் குறையும் இறாலின் நட்டமும் கூலியாளின் பங்கிலிருந்து போகலாகாது. படகுடையவரும், ஏற்றுமதி செய்கிறவரும், அதைவிட முக்கியமாக அதைத் தின்கிறவரும் தாங்க வேண்டும். பாஸ்குத் திருநாளன்று நம் வீடுகளில் இறால் குழம்பு மணக்குமல்லவா? அந்த விலையில் சற்று ஏற நாம் தயாரா? விளக்கைப் பற்றி எழுதின ஐவரும் இதையும் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மகாராஷ்டிர அரசு 2018 இறுதியில் ஒரு ஏற்பாடு செய்தது. ஆமைபோன்ற பாதுகாக்கப்பட்ட பிராணி வலையில் சிக்கி, அதை விடுவிக்க மீனவர் தம் வலையை அறுத்தால், 25,000 ரூபாய் வரை ஈடு கொடுப்பது என்று. இரக்கப்படு என்று ஏழைக்குப் போதிப்பதோடு நிற்காமல், அந்த இரக்கத்தின் செலவைப் பொதுவில் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. நம் கரையில் சிறு வலைக்காரர் பலர் ஆமையைக் கண்டால் வலையை அறுத்து விடுகிறார்கள், எவரும் கேட்காமலே. அறுத்த வலையோடு கரைக்கு வந்து ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பின்னுகிறார்கள். இது எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. ஆமைக்குக் காவலிருப்பவர்கள் என்று நான் கணக்கெடுத்தபோது இவர்களை எண்ணவேயில்லை.

ஒரு பழைய பாவத்தையும் மறைக்க வேண்டாம். தென்கரையில், குறிப்பாகத் தூத்துக்குடிப் பக்கம், நம் கத்தோலிக்க மக்களிடையே ஆமை இறைச்சி விருந்தாகவும், ஆமை இரத்தம் மருந்தாகவும் இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் அது உடனே நின்றுவிடவில்லை. அங்கே பிறந்து இங்கே குடியேறின குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. பசியும் வழக்கமும் சேர்ந்தால் மனச்சாட்சி மெதுவாகத்தான் விழிக்கும். அர்ச். தோமாஸேகூட, பிராணிகளிடம் கொடுமை கூடாது என்பதற்கு, அது மனிதரிடமும் கொடுமை பழக்கும் என்பதையே முக்கிய காரணமாகச் சொன்னார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட சுற்றுமடலில்தான், அப்பிராணிகளுக்குக் கடவுளின் பார்வையில் தமக்கென்றே ஒரு மதிப்புண்டு என்று அழுத்தமாகப் படித்தோம். எழுநூறு ஆண்டு இடைவெளி. நாமும் சற்று அவகாசம் கேட்கலாம், ஆனால் ஆமைகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

இறுதியாக விளக்கு. அந்த விளக்கு மாதாவுக்கு வெளிச்சம் தருவதற்காக வைத்ததல்ல, நமக்காக வைத்தது. இரவில் செபமாலை சொல்ல வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்பது நியாயமே. இரவு வேலை முடிந்து வருகிற பெண்கள் அந்த வெளிச்சத்தை நம்பி நடக்கிறார்கள் என்று கையொப்பமிட்டு எழுதிய ஒரு சகோதரி சொல்லியிருக்கிறார். அதை நான் யோசிக்கவில்லை. ஐந்து கடிதங்களிலும் என்னைத் திருத்திய கடிதம் அது. ஆகவே மின்வேலை தெரிந்த நம் இளைஞர் ஒருவரைக் கொண்டு, கடல் பக்கம் தகரத் தடுப்பு வைத்து, வெள்ளை விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் விளக்கைத் தரையை நோக்கித் தொங்கவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆமைக் குஞ்சுகளை அந்த நிறம் அவ்வளவாக மயக்குவதில்லையாம். தகரம் வந்து சேரும்வரை ஒன்பது மணிக்கு அணையும், பாதையோரத்துச் சிறு விளக்கு மட்டும் எரியும். தடுப்பின் செலவை உண்டியலிலிருந்து எடுக்கவில்லை, யாரும் கவலைப்பட வேண்டாம்.

அறுந்த வலைகளுக்கு நம் பங்கில் ஒரு சிறு நிதி வைக்கலாமா, வைத்தால் அதை வின்சென்ட் தே பவுல் சபையார் நடத்துவதா மீனவர் அன்பியத்தார் நடத்துவதா, பொய்க் கணக்கு வராமல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் பின் பங்குப் பேரவையில் பேசப்படும். திண்ணைப் பெரியவர் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம் வலையைக் கையோடு கொண்டுவருவாராம்.